பெயர் பெறாத விதி

நுழையும்முன்

கணிதத்தில் ஒவ்வொரு விதியும் ஒரு பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயருக்கு உரியவரே அவ்விதியைக் கண்டவர் என்று நாம் கொள்கிறோம். ஆனால், கண்டவர் ஒருவராகவும் பெயர் பெற்றவர் வேறொருவராகவும் அமைந்துவிடுவதும் உண்டு. எல்லை காணும் கணக்குகளில் பெரிதும் பயன்படும் ‘லோபிதாலின் விதி’ அவ்வாறு அமைந்த ஒன்று. அதனை உண்மையில் கண்டறிந்த ஜோகன் பெர்னௌலியின் வாழ்வு, அறிவின் உயரத்தையும் புகழ் வேட்கையின் துயரத்தையும் ஒருங்கே காட்டுவது.

வணிகர் வீட்டுப் பிள்ளை

சுவிட்சர்லாந்து நாட்டில் ரைன் ஆற்றின் கரையில் அமைந்த நகரம் பாசல். சமயக் கொடுமைக்கு அஞ்சி ஆன்ட்வெர்ப் நகரை விட்டு வெளியேறிய பெர்னௌலி குடும்பத்தார் பின்னர் அங்கே குடியேறி, நறுமணப் பொருள் வணிகத்தில் சிறந்து விளங்கினர். அக்குடும்பத்தில் 1667ஆம் ஆண்டு ஜோகன் பிறந்தார். மகன் தம் வணிகத்தை ஏற்று நடத்தவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அதன்படி பதினைந்தாம் வயதில் ஜோகன் வணிகம் பழகினார். விலையும் நிறையும் அவர் மனத்தில் ஒட்டவில்லை. ஓராண்டு முயன்றும் பயனில்லாமற்போகவே, தந்தை அவரை 1683இல் பாசல் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். அங்கும் மருத்துவம் பயில்வதே ஏற்பாடு.

ஜோகனின் தமையனார் ஜேக்கப் பெர்னௌலி, அவரைவிடப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தவர். அவரும் தந்தையின் விருப்பத்திற்கு மாறாகக் கணிதத்தைத் தேர்ந்துகொண்டவர். பகலில் மருத்துவம் பயின்ற தம்பி, எஞ்சிய நேரத்தில் அண்ணனிடம் கணிதம் கற்றார். 1684இல் செர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் நுண்கணிதம் பற்றி ஒரு கட்டுரையை வெளியிட்டிருந்தார். சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை, விளக்கத்தைவிடப் புதிரே மிகுந்ததாக இருந்தது. ஐரோப்பாவில் அதனைப் புரிந்துகொண்டோர் மிகச் சிலர். உடன்பிறந்தார் இருவரும் அதனோடு மல்லாடி, அதன் உட்பொருளைக் கண்டனர். இரண்டே ஆண்டுகளில் தம்பி அண்ணனுக்கு நிகராக வளர்ந்துவிட்டார்.

இரு முனைகளில் கட்டித் தொங்கவிடப்பட்ட சங்கிலி எவ்வகை வளைவரையாக அமையும் என்னும் வினாவை ஜேக்கப் 1690இல் அறிஞர் உலகின்முன் வைத்தார். அடுத்த ஆண்டில் அதற்கு விடை கண்டோர் லைப்னிட்ஸ், ஹைகென்ஸ், ஜோகன் ஆகிய மூவர். வினாவை எழுப்பிய அண்ணனால் அதற்கு விடை காண இயலவில்லை. இருபத்து மூன்று வயதுத் தம்பியால் இயன்றது. அந்த வெற்றியின் மகிழ்ச்சியை ஜோகன் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. உடன்பிறந்தார் இடையே விரிசல் தோன்றியதும் அக்காலத்திலேயே ஆகும்.

பாரிசில் ஒரு மாணவர்

1691ஆம் ஆண்டின் இறுதியில் ஜோகன் பாரிசு நகரை அடைந்தார். மெய்யியல் அறிஞர் மால்பிரான்ச் என்பவரைச் சூழ்ந்து கணித ஆர்வலர் பலர் கூடுவது வழக்கம். அங்கே அவர் லோபிதால் என்னும் பிரபுவைச் சந்தித்தார். 1661இல் பிறந்த லோபிதால், குதிரைப்படையில் தலைவராகப் பணியாற்றியவர்; கண்பார்வைக் குறைவால் படைப்பணியை விட்டுக் கணிதத்தில் முழுமையாக ஈடுபட்டவர். பிரான்சு நாட்டின் சிறந்த கணித அறிஞருள் ஒருவராக அவர் மதிக்கப்பட்டார். ஆயினும் புதிய நுண்கணிதம் அவருக்கு முழுமையாகக் கைவரவில்லை. ஒரு வளைவரை ஓரிடத்தில் எவ்வளவு வளைகிறது என்பதை அளக்கும் வழியை ஜோகன் சில வரிகளில் காட்டியபோது அவர் வியந்துபோனார். தம்மைவிட ஆறு வயது இளையவரான ஜோகனைத் தம் ஆசிரியராக ஏற்றுக்கொண்டார்.

பல மாதங்கள் அப்பாடங்கள் நடந்தன. முதலில் பாரிசிலும், பின்னர் லோபிதாலுக்கு உரிய நாட்டுப்புற மாளிகையிலும். ஜோகன் பாடக் குறிப்புகளைத் தம் கையாலேயே எழுதி அளித்தார். அதற்குத் தக்க ஊதியமும் பெற்றார். 1692ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பாசலுக்குத் திரும்பிய பின்னரும் இருவரிடையே மடல் போக்குவரத்து தொடர்ந்தது.

சுழியும் சுழியும்

லோபிதாலின் மனத்தை வருத்திய வினாக்களுள் ஒன்று, பின்னங்களைப் பற்றியது. ஒரு பின்னத்தின் தொகுதியும் பகுதியும் ஒரே இடத்தில் சுழியாகிவிட்டால், அவ்விடத்தில் அப்பின்னத்தின் மதிப்பு யாது? சுழியைச் சுழியால் வகுத்தல் பொருளற்றது. அதனால் கணிதம் அதனைத் ‘தேறப்பெறாத வடிவம்’ என்கிறது. மதிப்பு இல்லை என்பது இதன் பொருளன்று. அந்த வடிவத்தைக் கொண்டு மட்டும் மதிப்பைத் துணிய இயலாது என்பதே பொருள்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 4ஐக் கழித்தது தொகுதி. அதே எண்ணிலிருந்து 2ஐக் கழித்தது பகுதி. அவ்வெண் 2 ஆகும்போது இரண்டுமே சுழியாகின்றன. ஆனால், எண்ணை 1.9 என்று கொண்டால் பின்னத்தின் மதிப்பு 3.9. எண் 1.99 எனில் மதிப்பு 3.99. மறுபக்கத்தில் 2.01 எனில் 4.01. எந்தப் பக்கத்திலிருந்து 2ஐ நெருங்கினாலும் பின்னம் 4ஐ நெருங்குகிறது. இந்த 4 என்பதே அப்பின்னத்தின் எல்லை. எண் 2ஐத் தொடவேண்டியதில்லை, நெருங்கினால் போதும். எல்லை என்னும் கருத்தின் உயிர் இங்கேதான் உள்ளது.

இவ்வெல்லையைக் காரணிப்படுத்தியே காணலாம். தொகுதியை இரு காரணிகளாகப் பிரித்தால், அவற்றுள் ஒன்று பகுதியோடு நீங்கிவிடும்; எண்ணோடு 2ஐக் கூட்டியது மட்டும் எஞ்சும். எண் 2ஐ நெருங்கும்போது அது 4ஐ நெருங்கும். வர்க்கமூலங்கள் வரும் கணக்குகளில் இணைக் கோவையால் தொகுதியையும் பகுதியையும் பெருக்கி மூலக்குறியை நீக்குவது மற்றொரு வழி. இவை இரண்டும், சுழியை உண்டாக்கும் காரணியைத் தேடிக் களைகின்ற வழிகள். ஆனால், கனமூலமும் நான்காம் மூலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கோவைகளில் அக்காரணியைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். சைன் போன்ற சார்புகளிலோ பிரிப்பதற்குக் காரணியே கண்ணுக்குத் தெரியாது.

மடலில் வந்த விதி

1694ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் எழுதிய மடலில் ஜோகன் இதற்குரிய பொது வழியைக் காட்டினார். தொகுதியை ஒரு வளைவரையாகவும் பகுதியை மற்றொரு வளைவரையாகவும் அவர் எண்ணிப் பார்த்தார். இரண்டும் சுழியாகும் இடத்தில் அவ்விரு வளைவரைகளும் அச்சை ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அப்புள்ளிக்கு மிக அருகில் எந்த வளைவரையும் தன் தொடுகோட்டைப் போலவே தோற்றமளிக்கும். ஆகவே, அங்கே வளைவரைகளின் உயரங்கள் எந்த விகிதத்தில் உள்ளனவோ, அவற்றின் தொடுகோடுகளின் சாய்வுகளும் அந்த விகிதத்தில்தான் இருக்கும். சாய்வைத் தருவது வகைக்கெழு. எனவே, தொகுதியின் வகைக்கெழுவைப் பகுதியின் வகைக்கெழுவால் வகுத்து, அதன் எல்லையைக் காணவேண்டும். அதுவே முதற்பின்னத்தின் எல்லை.

முன்னர்க் கண்ட கணக்கில் தொகுதியின் வகைக்கெழு, எண்ணின் இருமடங்கு. பகுதியின் வகைக்கெழு 1. எண் 2ஐ நெருங்கும்போது விடை 4. காரணிப்படுத்திக் கண்டதும் இதுவே.

இவ்விதி முதன்முதலாக அச்சேறிய நூலில் அமைந்த எடுத்துக்காட்டு கடினமானது. அதன் மாறிலியை 1 என்று கொண்டால் அது வருமாறு அமையும்: ஓர் எண்ணின் இருமடங்கிலிருந்து அதன் நான்காம் அடுக்கைக் கழித்து வர்க்கமூலம் கண்டு, அதிலிருந்து அவ்வெண்ணின் கனமூலத்தைக் கழிக்கவேண்டும்; இது தொகுதி. அவ்வெண்ணின் மூன்றாம் அடுக்குக்கு நான்காம் மூலம் கண்டு, அதனை 1இலிருந்து கழிக்கவேண்டும், இது பகுதி. எண் 1 ஆகும்போது இரண்டும் சுழி. விதியைப் பயன்படுத்தினால் தொகுதியின் வகைக்கெழு அங்கே −4/3 என்றும், பகுதியின் வகைக்கெழு −3/4 என்றும் வரும். முன்னதைப் பின்னதால் வகுக்க, 16/9 என்னும் விடை கிடைக்கிறது.

விதியின் ஆற்றல் பெரிது. அதனால் அதன் வரம்பையும் அறிந்திருத்தல் வேண்டும். தேறப்பெறாத வடிவம் தோன்றும் இடத்தில் மட்டுமே அது பொருந்தும். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு 4ஐக் கூட்டி, அதனை அவ்வெண்ணோடு 2ஐக் கூட்டியதால் வகுத்தால், எண் 2 ஆகும்போது 8/4, அதாவது 2 என்னும் விடை நேரடியாகவே கிடைக்கும். இங்கே விதியைப் புகுத்தினால் 4 என்னும் தவறான விடை வரும். மற்றொன்றும் உண்டு. கோணத்தை ரேடியனில் அளந்து, அதன் சைன் மதிப்பைக் கோணத்தால் வகுத்தால், கோணம் சுழியை நெருங்கும்போது ஈவு 1ஐ நெருங்கும். விதியும் இவ்விடையையே தருகிறது. ஆனால், சைனின் வகைக்கெழுவைக் காண்பதற்கே இவ்வெல்லை முதலில் தேவைப்படுகிறது. ஆகவே, இவ்வெல்லையை வடிவியல் வழியில் நிறுவுதல் வேண்டும். இதற்கு விதியைச் சான்றாகக் காட்டுதல், நிறுவவேண்டியதையே சான்றாகக் கொள்வதாக முடியும்.

முந்நூறு லிவர்

அம்மடலுக்கு நான்கு திங்கள் முன்பு, 1694 மார்ச் 17ஆம் நாள், லோபிதால் ஜோகனுக்கு ஓர் ஏற்பாட்டை முன்மொழிந்திருந்தார். அவ்வாண்டின் தொடக்கம் முதல் கணக்கிட்டு முந்நூறு லிவர் பணம் அளிப்பதாகவும், பின்னர் அதனை உயர்த்துவதாகவும் அவர் கூறினார். அதற்கு ஈடாக, தாம் கேட்கும் கணக்குகளுக்கு ஜோகன் சிறிது நேரம் ஒதுக்கவேண்டும். புதிதாகக் கண்டறிவனவற்றைத் தமக்குத் தெரிவிக்கவேண்டும். அவற்றைப் பிறர் எவருக்கும் தெரிவித்தல் ஆகாது.

அப்போது ஜோகனுக்கு நிலையான வேலை இல்லை. பாசல் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் பதவியில் அண்ணன் அமர்ந்திருந்தார். ஜோகன் மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றதும் அந்த ஆண்டில்தான். திருமணம் செய்துகொண்டதும் அந்த ஆண்டில்தான். குடும்பத்தை நடத்தப் பணம் வேண்டியிருந்தது. அவர் அவ்வேற்பாட்டை ஏற்றுக்கொண்டார். அன்று அது சிறிய பரிமாற்றமாகவே அவருக்குத் தோன்றியிருக்கும். அறிவை விற்கலாம், ஆனால் அதனைக் கண்டவர் என்னும் பெருமையை விற்ற பின்னர் மனம் அமைதி கொள்ளாது என்பதை அவர் பிற்பாடே உணர்ந்தார்.

1695இல் ஹைகென்சின் பரிந்துரையால் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1696இல் பாரிசில் லோபிதாலின் நூல் வெளிவந்தது. வகை நுண்கணிதத்திற்கு உலகில் எழுந்த முதற்பாடநூல் அதுவே. அதன் ஒன்பதாம் பகுதியில் சுழியைச் சுழியால் வகுக்கும் விதி இடம்பெற்றிருந்தது. லைப்னிட்சுக்கும் பெர்னௌலி உடன்பிறந்தாருக்கும், சிறப்பாகக் குரோனிங்கனில் உள்ள இளைய பேராசிரியருக்கும் தாம் பெரிதும் கடன்பட்டிருப்பதாக லோபிதால் முன்னுரையில் எழுதினார். ஆயினும் எது எவருடையது என்று அவர் பிரித்துக் காட்டவில்லை. நூல் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. விரைவில் நாடெங்கும் பரவியது. விதியும் அதனோடு பரவி, நூலாசிரியரின் பெயரைத் தாங்கி நிலைபெற்றது. ஜோகன் லோபிதாலுக்குப் பாராட்டு மடல் எழுதினார்; லைப்னிட்சுக்கு எழுதிய மடல்களிலோ தம் மனக்குறையை வெளிப்படுத்தினார்.

போட்டியும் பூசலும்

அதே 1696இல் ஜோகன் ஐரோப்பாவின் அறிஞர் அனைவருக்கும் ஓர் அறைகூவல் விடுத்தார். ஓரிடத்திலிருந்து, அதற்குக் கீழே சற்றுத் தள்ளியுள்ள மற்றோரிடத்திற்குத் தன் எடையால் மட்டுமே வழுக்கிச் செல்லும் பொருள், எந்தப் பாதையில் சென்றால் மிகக் குறைந்த நேரத்தில் சேரும்? நேர்கோடு மிகக் குறைந்த தொலைவு. ஆனால் மிகக் குறைந்த நேரம் அன்று. உருளும் வட்டத்தின் விளிம்பில் உள்ள ஒரு புள்ளி வரைந்து செல்லும் வளைவரையே விடை. ஜோகன், ஜேக்கப், லைப்னிட்ஸ், லோபிதால் ஆகியோரின் விடைகளோடு, இங்கிலாந்திலிருந்து பெயர் குறிப்பிடாத விடை ஒன்றும் வந்தது. அதனை அனுப்பியவர் நியூட்டன்.

இவ்வறைகூவல் நுண்கணிதத்தின் புதிய கிளை ஒன்றுக்கு வித்திட்டது. அண்ணன் தம்பி பகையையும் அது வளர்த்தது. இதழ்களில் ஒருவரை ஒருவர் கடுமையாகத் தாக்கி எழுதினர். 1705இல் ஜேக்கப் மறைந்தார். அவர் வகித்த பேராசிரியர் பதவி ஜோகனுக்குக் கிடைத்தது. எந்த அண்ணனிடம் கணிதம் கற்றாரோ, அவரோடு இணக்கம் காணாமலேயே அவருடைய இருக்கையில் அமர்ந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டில், 1704 பிப்ரவரி 2ஆம் நாள், லோபிதால் காலமானார். அதன் பின்னரே ஜோகன் அவ்விதி தம்முடையது என்று வெளிப்படையாக உரிமை கோரினார். கேட்டவர் பலர், நம்பியவர் சிலர். அண்ணனோடு நிகழ்த்திய பூசலால் அவருடைய சொல்லின் மதிப்புக் குறைந்திருந்தது. மறுமொழி கூறவேண்டியவரும் உயிரோடு இல்லை.

ஆசிரியரும் தந்தையும்

ஆசிரியராக ஜோகன் இணையற்றவர். பாசலில் லியோனார்டு ஆய்லர் என்னும் சிறுவன் அவரிடம் கணிதம் கற்க விரும்பினான். தனிப்பாடம் நடத்த நேரமில்லாத ஜோகன், கடினமான நூல்களைத் தானே பயிலுமாறு அச்சிறுவனுக்கு அறிவுறுத்தினார். ஐயம் எழுந்தால் சனிக்கிழமை பிற்பகலில் தம் வீட்டிற்கு வந்து கேட்கலாம் என்றார். ஒரு தடையை நீக்கினால் பத்துத் தடைகள் தாமே நீங்கும்படி அவருடைய விளக்கம் அமைந்திருந்தது. அச்சிறுவனே பதினெட்டாம் நூற்றாண்டின் மிகப்பெரிய கணித அறிஞராக விளங்கினார்.

தந்தையாக ஜோகன் வேறு மனிதர். தம் மகன் டேனியல் கணிதம் கற்க விரும்பியபோது, வணிகம் பழகுமாறு வற்புறுத்தினார்; பின்னர் மருத்துவம் பயிலச் செய்தார். தம் தந்தை தமக்குச் செய்ததையே தாமும் தம் மகனுக்குச் செய்தார். 1734இல் பாரிசுக் கழகத்தின் பரிசு தந்தைக்கும் மகனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மகனுக்கு நிகராகத் தாம் வைக்கப்பட்டதை அவரால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. 1738இல் டேனியல் பாய்மங்களின் இயக்கம் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். இன்று இயற்பியலில் பயிலும் பெர்னௌலி தேற்றத்திற்கு அடிப்படை அந்நூலே. சில ஆண்டுகளில் ஜோகனும் அதே பொருளில் ஒரு நூலை வெளியிட்டார். அதனை 1732ஆம் ஆண்டுக்கு உரியதாகக் குறித்தார். மகனின் உழைப்பு மறைக்கப்பட்டது. தம் விதி பிறர் பெயரில் வழங்குவது கண்டு நாற்பது ஆண்டுகள் உள்ளம் வெதும்பியவர், மகனின் கண்டுபிடிப்புக்குத் தாம் முந்தியவர் என்று காட்ட முனைந்தார். இழப்பின் வலியை அறிந்திருந்தும், அவ்வலியைப் பிறருக்குத் தராதிருக்க அவர் கற்றுக்கொள்ளவில்லை.

காலம் தந்த தீர்ப்பு

1748 சனவரி 1ஆம் நாள் ஜோகன் பெர்னௌலி பாசலில் மறைந்தார். அவருக்கு வயது எண்பது. விதியைப் பற்றிய வழக்கு அவரோடு முடியவில்லை. 1691, 1692ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய வகை நுண்கணிதப் பாடங்களின் படி ஒன்று பாசல் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு 1922இல் அச்சாயிற்று. லோபிதாலின் நூலோடு அதனை ஒப்பிட்டபோது, நூலின் பெரும்பகுதி அப்பாடங்களைத் தழுவியது என்பது புலனாயிற்று. 1955இல் இருவருடைய மடல்களும் அச்சேறின. முந்நூறு லிவர் ஏற்பாடும், விதியைக் கூறும் மடலும் உலகின் பார்வைக்கு வந்தன. ஜோகன் கூறியது உண்மையே என்பது இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் உறுதியாயிற்று.

லோபிதாலும் ஏமாற்றுக்காரர் அல்லர். அவர் பணம் கொடுத்தார், நன்றியும் தெரிவித்தார், சிதறிக் கிடந்த அறிவைக் கற்போர்க்கு ஏற்ற நூலாக்கினார். இவ்விருவர் காலத்திலும் எல்லை என்னும் சொல்லுக்குத் திட்டமான வரையறை இல்லை. மிகச்சிறு அளவுகளைக் கொண்டே அவர்கள் கணக்கிட்டனர். 1821இல் கோஷி எல்லைக்கு உறுதியான அடித்தளம் இட்டார். அதனை வையர்ஸ்ட்ராஸ் மேலும் செம்மையாக்கினார். ஒருவர் கண்டதை மற்றொருவர் எழுத, மற்றொருவர் நிறுவ, இவ்விதி இன்றைய வகுப்பறையை அடைந்துள்ளது.

விதியின் பெயர் இன்றும் மாறவில்லை. ஆனால், அதன் வரலாற்றை அறிந்தோர் அதனைப் பயன்படுத்தும்போது இரு பெயர்களை நினைக்கின்றனர். பிறர் உழைப்பை உரிய பெயரோடு குறிப்பிடுவது கற்றவரின் முதற்கடமை. தம் உழைப்புக்கு உரிய பெயர் கிடைக்காதபோதும் பிறர்க்கு உரியதை மறைக்காதிருப்பது அதனினும் அரியது. ஜோகன் பெர்னௌலியின் விதி முன்னதன் தேவையையும், அவருடைய வாழ்வு பின்னதன் அருமையையும் உணர்த்துகின்றன.

கற்பவை கற்றபின்

1. சுழியைச் சுழியால் வகுக்கும் வடிவம் தோன்றும் மூன்று எல்லைக் கணக்குகளை உங்கள் கணிதப் பாடநூலிலிருந்து தேர்ந்தெடுத்து, காரணிப்படுத்தும் முறையிலும் லோபிதாலின் விதியின்படியும் விடை கண்டு ஒப்பிடுக.

2. ‘லோபிதால் செய்தது முறையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. கண்டறிந்தவர் பெயரால் அன்றிப் பிறர் பெயரால் வழங்கும் அறிவியல் செய்தி ஒன்றைப் பற்றி ஆசிரியரின் துணையோடு தகவல் திரட்டி, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.